நெகட்டிவ் ஏரியாவுலேர்ந்து ஒரு கெயவன்

வா கண்ணு, குந்து. அந்தக் கண்ணாடி பில்டிங்குக்குப் புதுசா குடி வந்த ஆளுதானே நீ? கேக்கவே வேணாம். எங்க தெருவுல காலை இப்டித் தூக்கித் தூக்கி வெச்சு நடக்கறது உங்க பில்டிங் ஆளுங்க மட்டுந்தான்.

"தாத்தா, இந்த ஏரியா சேஃபா?"ன்னு கேட்ட. நல்ல கேள்வி. லோன் போட்டு, வூடு வாங்கி, பால் காச்சி, சொந்தக்காரனுக்கெல்லாம் கேசரி குடுத்து அனுப்பிட்டு, அப்பால வந்து கேக்கற பாரு, அந்த வெள்ளை மனசு எனக்குப் புடிச்சிருக்கு.

விளம்பரத்துல இன்னா போட்டிருந்தாங்க உனக்கு? பெரம்பூருன்னா? இல்ல, புரசைவாக்கத்துக்குப் பக்கத்துலன்னா? புளியந்தோப்புன்னு ஒரு எழுத்து இருந்துச்சா? இருக்காது. பட்டணத்துல எத்தினியோ வூட்டுக்கு ஞாயித்துக்கெழமை ஆட்டுக்கறி அனுப்பற ஆடுதொட்டி பக்கத்துலதான் கீதுன்னும் போட்டிருக்க மாட்டாங்க. நீ கீறது ஓட்டேரிக்கும் புளியந்தோப்புக்கும் நடுவுல நைனா. தபால்காரருக்குத் தெரியும். கொசுவுக்கும் தெரியும். உன் வூட்டு விளம்பரத்துக்கு மட்டுந்தான் தெரியாது.

உன்னை மட்டும் சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க பசங்களும் அப்டித்தான். டை கட்டிக்கினு இன்டர்வியூக்குப் போனா "பெரம்பூர் சைடு சார்"ன்றான். பொண்ணு பாக்கப் போனா "சென்ட்ரல்லேர்ந்து பத்து நிமிசம்"ன்றான். கால் டாக்சி புக் பண்ணிப் பாரு. "எங்க சார் போணும்?"னு போன் வரும். புளியந்தோப்புன்னு சொல்லு, கேன்சல். அந்த டிரைவரு குடியிருக்கறது எந்தத் தெருன்னு நெனைக்கிற? எங்க தெருதான். அவன் வூட்டுக்கு அவனே வர மாட்டேன்றான். அப்டி ஒரு பேரு வாங்கி வெச்சிருக்கோம்.

எதுத்த வூட்டுப் பையன் மோட்டார் பைக்குக்கு லோன் கேட்டான். வேலை கீது, சம்பளச் சீட்டு கீது, கையெழுத்துப் போட மாமன் கீறாரு. எல்லாத்தையும் வாங்கிப் பார்த்துட்டு, "இது நெகட்டிவ் ஏரியா தம்பி, சிஸ்டம் எடுத்துக்காது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. சரின்னு அவன் சித்தி வூட்டு அட்ரஸ் குடுத்தான். சித்தி வேலை செய்ற வூட்டு அட்ரஸ், அண்ணா நகரு. பைக்கு வந்துருச்சு. ஆளு மாறலை, சம்பளம் மாறலை, மூஞ்சி மாறலை. அந்த சிஸ்டத்துக்கு எத்தினி புத்தி கீதுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

உங்க பில்டிங்குல இப்ப நீ நீச்சலடிக்கறியே, அந்த எடம் முன்னாடி இன்னான்னு தெரியுமா? பக்கிங்ஹாம் மில்லு 1876-ல வந்துச்சு, கர்நாடிக் மில்லு 1881-ல. அப்பால ரெண்டும் ஒண்ணாச்சு. காயிதத்துல பி அண்ட் சி, எங்க வாயில பின்னி மில்லு. என் தாத்தா, அப்பா, நானு, மூணு தலைமுறை அந்தச் சங்கு ஊதித்தான் எழுந்தோம். எங்க பக்கத்துல யாரும் கடியாரம் வாங்கினதில்ல. இன்னாத்துக்கு வாங்கணும்? சங்கு ஊதினா அடுப்பு எரியும், திரும்ப ஊதினா அடுப்பு அணையும்.

அங்க நெஞ்சதுல பேர் போனது காக்கி. பட்டாளத்துக்குப் போச்சு, போலீசுக்குப் போச்சு. அந்தக் காக்கியைப் போட்டுக்கினுதான் எங்க தெருவுல வந்து, எங்க பசங்களை நிக்கவெச்சு, "எந்த ஏரியாடா நீ?"ன்னு லத்தியால தட்டினாங்க. துணி கெட்டிடா கண்ணு. எத்தினி தபா தொவைச்சாலும் கிழியாது. நாங்க நெஞ்சதாச்சே.

லேப்டாப்புல ஒரு பட்டன் அமுக்கினா உனக்கு லீவு வருதில்ல? தொழிலாளி வாயைத் தொறந்து கேக்கலாம்னு இந்த நாட்டுக்குக் காட்டுனவங்க எங்க ஆளுங்க. 1918-ல வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு எல்லாம் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சது இந்த மில்லு ஜனத்துக்காவத்தான். நாட்டுலயே மொதத் தொழிற்சங்கம்னு படிச்சவங்க எழுதறாங்க. மூணு வருசம் போய் 1921-ல பெரிய ஸ்டிரைக்கு. மாசக் கணக்குல இழுத்துச்சு. வேலைக்குப் போனவன், போவாதவன்னு ரெண்டாப் பிரிஞ்சு, அது சாதிச் சண்டையா மாறி, புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. சோத்துக்கு ஆரம்பிச்ச சண்டை. ஆனா சம்பளம் எவ்ளோ கேட்டாங்கன்றது மறந்து போச்சு, புளியந்தோப்புன்னா கலவரம்னு மட்டும் ஒட்டிக்கிச்சு.

1996-ல மில்லை இழுத்து மூடினாங்க. ஷெட்டுல நெசவு செஞ்ச ஆளு வாட்ச்மேன் ஆனாரு, ஆட்டோ ஓட்டினாரு, சில பேரு ஒண்ணுமே ஆவலை. மில்லு மட்டும் சும்மா இருக்கலை. சினிமாக்காரங்க வந்தாங்க. நாங்க மாங்கு மாங்குன்னு ஒழைச்ச ஷெட்டுல ஈரோ வந்து ரவுடிங்களைப் பொரட்டி எடுத்தாரு. பாரு கூத்தை. வேலை செஞ்சவரைக்கும் எவனும் எங்களைப் படம் புடிக்கல. வேலை போனப்பறம் அங்கயே ரவுடி வேசம் கட்டினா பேட்டா குடுத்தாங்க.

ஒரு டைரக்டரு வந்து என்னாண்டயே கேட்டாரு. "பெரியவரே, கத்தி புடிக்கத் தெரிஞ்ச பசங்க நாலு பேரு வேணும், ரியலா இருக்கணும்." "ஸ்டிரைக்கர் புடிக்கத் தெரிஞ்ச பசங்கதான் சாமி கீறாங்க, கேரம் சரிப்படுமா?"ன்னேன். கோவிச்சுக்கினு போயிட்டாரு. நான் பீலா வுடலை. சாயங்காலமா தெருவுக்கு உள்ள வா. பல்பு ஒண்ணைத் தொங்கவுட்டு, போர்டு மேல பவுடரைத் தூவி ஆடிக்கினு இருப்பாங்க. 2024-ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பை நடந்துச்சே, மூணு தங்கம் வாங்கினது யாரு? காசிமா. புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு, ஆட்டோ டிரைவர் மகள். அப்டியே வியாசர்பாடிக்குப் போனா பந்து. அங்க குட்டி பிரேசில்னே சொல்லிக்குவாங்க. இந்தியாவுக்கு ஆடின தனபால் கணேஷ் அங்க மண்ணுல ஒதைச்சுக் கத்துக்கினவருதான். பாக்ஸிங் கதையெல்லாம் சினிமாவே சொல்லிருச்சு, சார்பட்டான்னு 2021-ல. அது வந்தப்பறம் எங்க தெருவுல நாலு பேரு அவங்க தாத்தாவும் பாக்ஸருன்னு சொல்லிக்கினு திரியறாங்க. ஒருத்தன் தாத்தாவை எனக்கு நல்லாத் தெரியும். பொண்டாட்டி கரண்டியைத் தூக்கினா கட்டிலுக்கு அடியில போற மனுசன் அவரு.

சரி, ரவுடியே இல்லையான்னு கேப்ப. ஏன் இல்லாம? கீறாங்க. கஞ்சா கீது, வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கற பசங்க கீறாங்க, சாராயத்துல சம்பளம் கரையுது. பெத்தவங்க தலையில அடிச்சுக்கறாங்க. அத்தை மறைச்சு ஏரியாவுக்குக் கிரீடம் வெக்க நான் அரசியல்வாதி இல்ல. மில்லு மூடிச்சு, ஹார்பருல கன்டெய்னர் வந்து மூட்டை தூக்கற ஆளு கொறைஞ்சுது, பட்டறை ஒண்ணொண்ணா ஊரை வுட்டுப் போச்சு. காலைல எழுந்த ஆம்பளை எங்க போவான்? தெருமொனைக்குப் போவான். தெருமொனையில யாரு நின்னுக்கினு இருப்பான்? அதுக்கு மேல நான் சொல்லணுமா?

ஆனா ஒண்ணு கேக்கறேன். எங்க பையன் செல்போனைத் தூக்கினா "வியாசர்பாடி வாலிபர் கைது"ன்னு போடறாங்க. சீட்டு கம்பெனி நடத்திக் கோடியில சுருட்டினவன் மாட்டினா "தொழிலதிபர் கைது"ன்னு போடறாங்க. அவனுக்கு ஏரியா கெடையாதா? அவன் தெரு மேல எவனாவது நெகட்டிவ்னு முத்திரை குத்தினானா? செல்போன் போனா திரும்ப வாங்கிக்கலாம் தம்பி. சீட்டுல போன துட்டு எங்க வருது?

உங்க பில்டிங்குல ஒரு வாட்ஸ்அப் குரூப்பு கீதாமே. அதுல நானும் வந்தேன். பழைய மில்லு கேட்டு இருந்த பக்கம் ஒரு சிமெண்டுத் திட்டு கீது, சாயங்காலம் காத்தோட்டமா அங்கதான் குந்துவேன். மேலேர்ந்து யாரோ போட்டோ புடிச்சு, "சந்தேகத்துக்கிடமான முதியவர், ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார், செக்யூரிட்டி கவனிக்கவும்"னு போட்டுட்டாங்க. அங்க வேலைக்குப் போற பக்கத்து வூட்டுப் பொண்ணு கொண்டாந்து காட்டுச்சு. போட்டோ நல்லாத்தான் வந்திருந்துச்சு. ஆதார் கார்டுல கூட நான் அத்தினி அழகா இல்ல. செக்யூரிட்டி வந்து "எழுந்திரு அண்ணே, மேல கம்ப்ளெயின்ட்டு"ன்னான். அவன் யாரு? என் கூட மில்லுல வேலை செஞ்சவன் மகன். ரெண்டு பேருமா டீ குடிச்சிட்டு வந்தோம். குந்தியிருக்கறவனைப் பார்த்தா சந்தேகம் வருதா கண்ணு உங்களுக்கு? எங்களுக்கு ஓடறவனைப் பார்த்தாத்தான் சந்தேகம். காலைல காதுல ஒயர மாட்டிக்கினு நீங்கெல்லாம் ஓடினப்ப மொத வாரம் எங்க நாயிங்க கூட கொழம்பிப் போச்சு.

அப்பால இந்தப் போன் புடிச்சுக்கினு சாப்புட வர்ற கூட்டம். பர்மாவுலேர்ந்து கட்டின துணியோட கப்பலேறி வந்தாங்களே, 1964 வாக்குல, அவங்க கொண்டாந்தது அத்தோ. மஞ்சக் கலரு நூடுல்சு, கோசு, வெங்காயம், மொறுமொறுன்னு பேஜோ, புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மொளகாத்தூள் எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு தட்டுல போடுவாங்க. பக்கத்துல ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பு. சூடு ஆறறதுக்குள்ள துன்னணும். போன வாரம் ஒரு பையன் தட்டை வாங்கினான். வெளிச்சம் பத்தலைன்னான். தள்ளுவண்டியை ரவ திருப்பச் சொன்னான். சூப்பை மேலேர்ந்து ஊத்திக் காட்டச் சொன்னான், ரெண்டு தபா. "மக்களே, பயமா இருந்துச்சு, ஆனாலும் உங்களுக்காக நார்த் மெட்ராஸ் உள்ளாறயே வந்துட்டேன்"ன்னான். எதுக்குப் பயம்? அவனைச் சுத்தி நின்னது ஸ்கூல் வுட்டு வந்த பொம்பளைப் புள்ளைங்க. தள்ளுவண்டிக்கார அம்மா எல்லாத்தையும் பொறுத்துக்கினு, கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு: "காசு குடுப்பியா கண்ணு, இல்ல வீடியோதானா?"

கானாவுக்கும் அதே கதை. சாவு வூட்டுல ராத்திரி முழிச்சுக்கினு பாடினப்ப தொல்லைன்னு போலீசுக்குப் போன் போட்டாங்க. இப்ப அவங்க வூட்டுக் கல்யாணத்துல ஏசி மண்டபத்துல பாட வெச்சு, மாமனாரு மச்சான் எல்லாம் ஆடறாங்க. பாட்டு மாறிச்சா? துட்டு குடுக்கற கை மாறிச்சு.

இந்தப் பக்கம் நாத்தம்னு சொல்லுவீங்க இல்ல? அதுக்கு வர்றேன். கொடுங்கையூர்ல ஒரு குப்பைமேடு கீது. கிட்டத்தட்ட 350 ஏக்கரு. கார்ப்பரேசன் மண்டலம் ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் வாரற குப்பை அங்கதான் போவுது. அந்த எட்டாவது மண்டலம் எது தெரியுமா? அண்ணா நகர். உன் மாமியார் வூடு அங்கதானே? அவங்க இங்க வந்தா கார் கண்ணாடியை எறக்கறதேயில்லையாம், வாட்ச்மேன் சொன்னான். அடுத்த தபா வந்தா பக்குவமா எடுத்துச் சொல்லு. அத்தே, நீங்க மூக்கைப் பொத்திக்கறது உங்க வூட்டு வெங்காயத் தோலுக்குத்தான்னு. குப்பையைப் போட்டவன் சுத்தக்காரன், வாங்கி வெச்சுக்கினவன் கலீஜு. இன்னா நாயம் இது? 2025-ல அங்க குப்பையை எரிச்சுக் கரண்டு எடுக்கற ஆலை வேணாம்னு ஜனங்க கை கோத்து ரோட்டுல நின்னாங்க. நாத்தத்தைத் தாங்கியாச்சு, புகையையும் சேர்த்துக் குடுத்தா எப்டி?

கரண்டுன்னதும் ஞாபகம் வருது. அத்திப்பட்டுல நெலக்கரி எரியுது, சாம்பலு எண்ணூர்ல வுழுது, உன் ரூம்ல ஏசி ஓடுது. மணலியில பெட்ரோலு காச்சறாங்க, உன் காரு ஓடுது. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமொகத்துல வலை, படகு, மரம் எல்லாம் கறுத்துப் போச்சு. அந்த மாசம் எண்ணூரு மீனா, வேணாம்னு ஒதுக்கினவங்க, பெட்ரோலை ஒதுக்கினாங்களா? வாங்கறது தெக்க, தாங்கறது வடக்க. அதான் நம்ம பட்டணத்தோட பாகப்பிரிவினை.

காசிமேட்டுக்கு மட்டும் எல்லாரும் வந்துருவாங்க. ஞாயித்துக்கெழமை விடியறதுக்கு முன்னாடி பாரு, பெரிய பெரிய காரு, டிக்கியில ஐஸ் பொட்டி. எங்க பொம்பளைங்க ஏலம் எடுத்து வெச்சிருக்கற வஞ்சிரத்தை அரை மணி நேரம் பேரம் பேசுவாங்க. மாலுக்குப் போனா ஸ்டிக்கர்ல போட்டதைக் குடுத்துட்டு வர்ற ஆளுங்கதான். இன்னா பண்றது, சிரிச்சுக்கினே வெட்டிக் குடுக்குறாங்க. ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாளு மீன்புடித் தடை. அப்ப ஒரு தபா வந்து அந்தப் பொம்பளைங்க எப்டி குடும்பம் ஓட்டுறாங்கன்னு கேட்டுக்கினு போனவங்களை நான் பார்த்ததில்ல.

கவர்மெண்டைக் கேக்கறியா? எங்களை மறந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது. நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க, அஞ்சு வருசத்துக்கு ஒரு தபா. 2021-ல எங்க புளியந்தோப்பு கே.பி. பார்க்குல குடிசைக்குப் பதிலா அடுக்குமாடி கட்டிக் குடுத்தாங்க. வெரலால சொரண்டினா செவுரு தொட்டாச்சிணுங்கியா உதிர்ந்துச்சு. டிவியில எல்லாம் காட்டினாங்க. 2023-ல வட சென்னைக்குன்னே தனியா 1000 கோடின்னு பட்ஜெட்டுல சொன்னாங்க. வேலையும் நடக்குது, பொய் சொல்ல மாட்டேன். என்ன, மொதல்ல போர்டு வரும், அப்பால கல்லு வரும், அப்பால மழை வரும். மழை வந்தா கணேசபுரம் சுரங்கப்பாதை ரொம்பும், புளியந்தோப்பு நெடுஞ்சாலையில தண்ணி நிக்கும். நீ புதுசு, உனக்குத் தெரியாது. ஒரு மழையில உங்க பில்டிங்கு கேட்டுல தண்ணி புகுந்துச்சு, லிஃப்டு நின்னுச்சு, பாலு இல்ல. பாலை மேல தூக்கிக்கினு வந்தது யாரு? மாடி ஏறினது யாரு? அந்த வாட்ஸ்அப்புல சந்தேகத்துக்கிடமானவங்கன்னு போட்டோ வந்த பசங்கதான். அன்னைக்கி ஒருத்தரும் போட்டோ புடிக்கல.

ஒடம்புக்கு ஒண்ணுன்னா, உன் கார்டைத் தேய்ச்சுப் பாக்கற ஆஸ்பத்திரியைத் தேடிக்கினு திரியாதே. ஸ்டான்லி பக்கத்துலதான் கீது. எங்க வயசு ஆளுங்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. பஞ்ச காலத்துல கஞ்சி ஊத்தின எடம், அப்பால ஆஸ்பத்திரி, 1938-ல மெடிக்கல் காலேஜ். மிஷின்ல மாட்டின கையைச் சீர் பண்ணிக் குடுக்கறதுல அந்த ஆஸ்பத்திரிக்குத் தனிப் பேரு. ஏன்னு கேளு. சுத்தி அத்தினி மில்லு, அத்தினி பட்டறை, அத்தினி கை.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். சேஃபான்னா? நீ உன் பில்டிங்குல எந்த மாடி? எதுத்த வூட்டுக்காரன் பேரு இன்னா? தெரியாதா? சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு உன் அப்பாருக்கு நெஞ்சு வலின்னா எந்தக் கதவைத் தட்டுவ? அதுவும் தெரியாதா? எங்க தெருவுல எந்தக் கதவை வேணா தட்டலாம். திட்டிக்கினேதான் தொறப்பான், ஆனா தொறப்பான். ஆட்டோ வரும், ரெண்டு பேரு கூட வருவாங்க, ஒருத்தன் லுங்கியோட வருவான், அவன் வாயில நேத்து சாராய வாசனை இருந்தாலும் இருக்கும். அதுக்காவ எறக்கி வுட்டுறாத, அவந்தான் ஸ்ட்ரெச்சர் புடிக்கத் தெரிஞ்சவன்.

அதனால அந்த கேமரா, முள்ளுக் கம்பி, வெரல் வெச்சாத் தொறக்கற பூட்டு எல்லாம் வெச்சுக்கோ, வேணாங்கல. லோன்லயே சேர்த்துப் போட்டிருப்பாங்க, வீணாக்காத. கூடவே கீழ எறங்கி வந்து நாலு பேரு பேரைத் தெரிஞ்சுக்கோ. மளிகைக் கடைக்காரரு பேரு, இஸ்திரி போடற அண்ணன் பேரு, வாட்ச்மேன் பேரு. அத்தோ துன்னா காசு குடுத்துட்டுத் துன்னு. அட்ரஸ் கேட்டா புளியந்தோப்புன்னு சொல்லிப் பழகு, நாக்கு ஒண்ணும் வெந்து போவாது.

அப்பறம் இன்னொண்ணு. உங்க பில்டிங்குல விருந்தாளி காரை உள்ள வுட மாட்டாங்களாமே. உன் மாமியாரு காரு எங்க தெருமொனையிலதான் நிக்குது, காலைலேர்ந்து. அத்தை ரவ தள்ளி நிறுத்தச் சொல்லு. ஆறு மணிக்குத் தண்ணி லாரி வரும், திரும்பறதுக்கு எடம் பத்தாது.